சலேத் வீட்டுச் சிவப்பு விளக்கு

உப்போடைக் காலனியின் நெட் பெட்டிகளில் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கு விழுந்த அந்தச் சாயங்காலம் பெண்கள் கருவாடு காய்ந்த சாக்குகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், கோயில் மணி அடித்தது, நாய்கள் வழக்கம்போல உப்பு லாரியைத் துரத்திப் போய் வழக்கம்போலத் தோற்றுத் திரும்பின, யாருக்கும் அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் மழை பெய்தாலும் நெட் போகும், எலி கடித்தாலும் போகும், எங்கோ ஒரு மண்வெட்டி தவறி விழுந்தாலும் போகும், போனது தானாகத் திரும்பி வரும், வராவிட்டால் கேபிள் ஆபீசில் போய்ச் சத்தம் போடலாம்.

அந்தக் கேபிள் ஆபீசில் ராத்திரிப் புகார் கேட்கிற ஆள் நான். பகலிலும் விடமாட்டார்கள், அது வேறு. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் காலனிக்கு செல்போன் டவர் எட்டாது. உப்பு மேட்டில் ஏறி நின்றால்தான் போனில் ஒரு கோடு தெரியும். ஆனால் வீட்டுக்கு ஒரு ஆளாவது வெளியே இருக்கிற ஊர் இது, கப்பலில், துறைமுகத்தில், பாலைவனத்து எண்ணெய்க் கிணற்றில், திருப்பூர் பனியன் கம்பெனியில், அதனால் வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு மஞ்சள் வயர், வயரின் மறுமுனையில் உலகம்.

பெட்டியில் விளக்குகள் வரிசையாக இருக்கும். முதலாவது, கரண்டு இருக்கிறது என்று சொல்லும். அடுத்தது, கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழை வழியாக வெளிச்சம் வந்து சேர்ந்தது என்று சொல்லும். அது பச்சையாக அசையாமல் நின்றால் நிம்மதி, மினுக்கினால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பக்கத்து விளக்கு எப்போதும் இருட்டாகவே இருக்க வேண்டும். அது சிவப்பாக மினுக்கினால் இழைக்குள் வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் வரவில்லை என்று சொல்வதற்கே ஒரு வெளிச்சத்தை வைத்திருக்கிறார்கள், இதை நினைத்துப் பல நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

புகார் வந்தால் நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான். சிவப்பு எரிகிறதா, மஞ்சள் வயர் எங்கேயாவது மடங்கிக் கிடக்கிறதா, பீரோவுக்கு அடியில் நசுங்குகிறதா, பிடுங்கி, முனையைக் கையால் தொடாமல், திரும்பச் சொருகுங்கள், சுவிட்சை அணைத்து ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடித்துவிட்டுப் போடுங்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் பொறுக்கமாட்டார்கள், ஒரு மரியே என்றால் பொறுப்பார்கள். பின்பக்கம் ஊசி நுழைகிற ஓட்டையை மட்டும் ஊக்கால் குத்திவிடாதீர்கள், குத்தினால் பெட்டி தன் பெயரையே மறந்துவிடும்.

அன்றைக்கு ஊர் முழுக்கப் பிடுங்கிச் சொருகியது, ஊர் முழுக்க மரியே சொன்னது, ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த புகார்கள்தான் வித்தியாசமாக இருந்தன. எங்கள் வீட்டில் சிவப்பு மெதுவாக மினுக்குகிறது, பக்கத்து வீட்டில் ஏன் வேகமாக மினுக்குகிறது, அவளுக்கு மட்டும் நல்ல பெட்டி கொடுத்தீர்களா என்று ரோசாரி வந்து கேட்டாள். இவள் புருசன் சூசை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எல்லாப் பெட்டியும் ஒரே கம்பெனி, ஒரே வேகத்தில்தான் மினுக்கும், கண் அசதியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. அவளோடு போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு வீட்டில் படியேறுகிறவன் மூச்சைப்போல விளக்கு படபடத்தது, அடுத்த வீட்டில் துடுப்புப் போடுவதுபோல நிதானமாக விழுந்து எழுந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல்.

பிரகாசி அங்கேதான் நின்றாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், எத்தனையோ மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வரும்வரை உட்கார்ந்திருந்தவள். பெட்டிக்கு முன்னால் குனிந்து, வாய்க்குள் எண்ணி, நிமிர்ந்தாள்.

“இது லைட்டு இல்லட்டி, நாடி. எவனோ தூங்குதான்.”

நம்புகிறவர்கள் உடனே நம்பினார்கள், நம்பாதவர்களுக்காக மறுநாள் காலையில் ஒரு சோதனை நடந்தது. ரோசாரியின் கொழுந்தன் உப்பு மேட்டில் நின்று திருப்பூருக்குப் பேசி அண்ணனை ஓடச் சொன்னான். மேட்டுக்கும் காலனிக்கும் நடுவே உப்பளத்து வரப்பில் பெண்கள் கைத்துண்டோடு தள்ளித் தள்ளி நின்றார்கள், மேட்டில் துண்டு ஆடினால் சூசை ஓடுகிறான் என்று பொருள். துண்டு ஆடியது, வரப்பில் துண்டுக்குத் துண்டு தாவி வந்தது, ரோசாரி வீட்டு விளக்கு எகிறியது. துண்டு நின்றது, விளக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது, ஆனால் முழுசாக அடங்காமல் லேசாகப் படபடத்துக்கொண்டே இருந்தது. ரோசாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஓடி முடித்ததும் பீடி பற்றவைத்திருக்கிறான், விட்டுவிட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணியவன் என்றாள். மேட்டிலிருந்து கேட்டு வரச் சொன்னாள். பீடிதான்.

அதன் பிறகு யாரும் நெட்டைப் பற்றிப் பேசவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்தார்கள், பெட்டிக்கு முன்னால் சாப்பிட்டார்கள், இப்போதுதான் எழுந்திருக்கிறான், இப்போது ஏணி ஏறுகிறான், இப்போது அந்த மேஸ்திரி ஏதோ திட்டியிருக்கிறான், பார், எப்படித் துள்ளுகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பொழுதுபோன நேரத்தில் எவன் விளக்காவது துள்ளினால் மட்டும் அந்த வீட்டுக்காரி முகம் தொங்கிவிடும், மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கப்பலில் அந்த நேரத்தில்தான் கயிறு இழுப்பார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். ஒரு வீட்டில் துபாய்க்குப் போன புருசன் என்று நினைத்து வாரம் முழுக்கக் கும்பிட்ட துடிப்பு, மணப்பாட்டில் இருக்கும் மாமியாருடையது என்று தெரிந்தபோது அந்த மருமகள் பெட்டியை எதுவும் செய்யாமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள், பிறகு ஒருநாள் அது சோர்ந்து விழுந்தபோது அவளே பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனாள். பங்குச் சாமியார் பூசை முடிவில், பெட்டிக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்ற வேண்டாம், பிளாஸ்டிக் உருகும் என்று மட்டும் சொன்னார். கரண்டு போனால் விளக்கு போகும், விளக்கு போனால் ஆள் போனதாக ஆகாது என்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாலும், கரண்டு போகிற நேரங்களில் காலனி முழுக்கச் சத்தம் அடங்கும், கரண்டு வந்து சிவப்பு மறுபடியும் துடிக்கும்வரை அடுப்பில் எது கருகினாலும் கிளறமாட்டார்கள். அணைத்துப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். அந்த மரியேயின் நீளத்துக்குக்கூட ஒருவரையும் இழக்க அவர்கள் தயாராக இல்லை.

இதில் எல்லாரையும்விட அதிகம் கிடைத்தது சலேத்துக்கு.

சலேத் கோயிலுக்குப் பின்னால் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகன், பிரிட்டோ, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் வெல்டர், தொழிலாளர் குடியிருப்பில் ஆறேழு பேரோடு ஒரு அறையில் கிடக்கிறவன். அவன் அப்பா செத்து ஒரு வருசம் ஆனதும் வைக்கிற பூசைக்கு அவன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றான், வீடியோவில் கையை விரித்தான். சலேத் அப்போது பூசைக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்து நின்றவள், அந்தப் பூவோடே சொல்லிவிட்டாள், அப்பனுக்கு வராதவன் எனக்கும் செத்தவன்தான் என்று. அவன் அழைப்பைத் துண்டித்தான். பிறகு கூப்பிடவே இல்லை. அவளும் கூப்பிடவில்லை. பெட்டியை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தாள், அதற்கு மேல் குரோஷா ஊசியால் பின்னிய ஒரு துணி போட்டு, மாதா படத்துக்குக் கீழே. மாதங்கள் போயின. அவனைப் பற்றி அங்கிருந்து வருகிறவர்களிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, கேட்டு அவர்கள் முகம் மாறிவிட்டால் என்ன செய்வது. அவன் இருக்கிறானா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்தது, அந்தத் தெரியாமையை யாரிடமும் காட்டாமல் அவள் கருவாடு விற்றாள்.

இப்போது மாதா படத்துக்குக் கீழே சிவப்பு துடித்தது. அது பிரிட்டோதான் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். தூங்கும்போது நடுவில் ஒரு தடவை தடுக்கி விழுந்தது மாதிரி அதிரும், பிறகு சரியாகும். சின்ன வயதிலிருந்தே அவன் தூக்கத்தில் அப்படித் திடுக்கிடுகிறவன். பிரகாசி வந்து பார்த்து, நல்ல நாடி, இரும்பு அடிக்கிறவன் நாடி என்று சொல்லிவிட்டு, ஒத்துப் பார்ப்பதற்காகச் சலேத்தின் மணிக்கட்டையும் பிடித்தாள், பிடித்துச் சிரித்தாள்.

“என்னட்டி இது, நாலு நடைக்கு ஒரு நடை விட்டுப்போவுது. நொண்டிக் கழுத நடக்க மாதிரி.”

அது பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்றாள் சலேத். பிரிட்டோ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் நெஞ்சில் காதை வைத்துப் படுத்து, விட்டுப்போன துடிப்பு வரும்போதெல்லாம், யம்மா ஒண்ணக் காணல, ஒண்ணக் காணல என்று சிரிப்பானாம். இதைச் சொல்லும்போது அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் மகன் பெயரைச் சொல்லிக் கேட்டோம்.

லைன்மேன் எஸ்தாக்கி அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்தான். உப்பளத்து வாய்க்காலைத் தோண்டிய இயந்திரம் பெரிய கேபிளை இழுத்துப் போட்டிருந்தது. அவன் சைக்கிளில் கேபிள் ஒட்டும் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது பெண்கள் வழியில் நின்றார்கள். பிரகாசி கேட்டாள், நீ ஒட்டினால் இது என்னாகும் என்று. இழைக்குள் வெளிச்சம் வரும், சிவப்பு போகும், அதுதானே வேலை என்றான் அவன். யாரும் வழி விடவில்லை. அவன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, ஒட்டுனா இவிய திட்டுவாவ. ஒட்டலன்னா மொதலாளி திட்டுவாரு. என்னய என்னதான் செய்யச் சொல்லுதிய?”

நான் வழி சொன்னேன். பெரிய கேபிளை ஒட்டு, அதற்கு முன்னால் அவரவர் வீட்டில் மஞ்சள் வயரைப் பிடுங்கி வைத்துக்கொள்ளட்டும், பிடுங்கிய பெட்டிக்கு வெளிச்சம் போகாது, சிவப்பு அப்படியே இருக்கும், வேண்டுமென்கிறபோது சொருகிக்கொள்ளலாம். அப்படியே நடந்தது. எஸ்தாக்கி வாய்க்காலில் இறங்கி நாள் முழுக்க ஒட்டினான், உலகம் ஒவ்வொரு வீட்டின் சுவர்வரைக்கும் வந்து மஞ்சள் வயரின் நுனியில் நின்றது, உள்ளே விடவேண்டியது அவரவர் கை.

ரோசாரிதான் முதலில் சொருகினாள், பீடி விஷயத்தை நேரில் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. சிவப்பு அணைந்தது, பச்சை மினுக்கி நின்றது, சூசையின் முகம் வந்தது, அவள் வயிறு நிறையத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, அவன் தூங்குகிறானா என்று பார்க்க மறுபடியும் வயரைப் பிடுங்கினாள். சிவப்பு வந்தது. ஆனால் அது கம்பெனி மினுக்கல், எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரே வேகம், அதில் யாரும் இல்லை. சொருகினாள், பிடுங்கினாள், மரியே சொன்னாள், கடைசியில் ஊக்கை எடுத்து அந்த ஓட்டையையும் குத்திவிட்டு, பெயர் மறந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் பெயர் வைத்துக் கொடுத்தேன். வேறு எதையும் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது, ஒரு தடவை சொருகினால் துடிப்பு திரும்ப வராது என்று. அந்த வாரம் காலனி படுத்தாலும் புரண்டது, உட்கார்ந்தாலும் எழுந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது மஞ்சள் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியை நோக்கிக் கொண்டுபோவதும் திரும்ப மடியில் வைப்பதுமாக இருந்தார்கள். குரல் வேண்டுமா, துடிப்பு வேண்டுமா. குரல் பொய் சொல்லும், நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், நீ கவலைப்படாதே என்று சொல்லும். துடிப்புக்குப் பொய் தெரியாது, ஆனால் அதைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. பரீட்சைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் இருந்த வீடுகளில் முதலில் சொருகினார்கள், புதிதாகக் கல்யாணமான வீடுகளில் அடுத்து, பிறகு ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வீட்டிலும் சொருகுவதற்கு முன்னால் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு. கடைசியில் காலனியில் சிவப்பு துடித்தது ஒரே வீட்டில்தான்.

நான் போய்ச் சொன்னேன், சலேத்தக்கா, அவன் கூப்பிட்டாலும் உங்களுக்கு மணி அடிக்காதே, வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறீர்களே என்று. அவள் கருவாட்டில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அவன் பேசாண்டாம் தம்பி. இருந்தாப் போதும்.”

சொருகி, அவன் கூப்பிடாமலே போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று அவள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அந்த வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, நான் அதை மிதித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் மழை வந்தது. காலனி மொத்தமும் கருவாட்டை அள்ள ஓடியது, சலேத்தும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கும் வீட்டுக்குமாக ஓடினாள், அந்த வயதில் அவள் அப்படி ஓடுவாள் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கைப் பார்த்தாள். அதுவும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏணி ஏறுகிறான் என்று முதலில் நினைத்தாள். ஏணி இவ்வளவு நேரம் ஏறமாட்டார்கள். சாயங்காலமும் ஓடியது, மறுநாள் காலையிலும் ஓடியது. பிரகாசியைக் கூட்டி வந்தாள். பிரகாசி எண்ணினாள், மறுபடி எண்ணினாள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், காய்ச்சல் நாடி மாதிரி இருக்கிறது என்றாள். பயப்படாதே என்றும் சொன்னாள், அது எதற்கும் உதவாத வார்த்தை என்று அவளுக்கே தெரியும். சலேத் பயந்தாள். அவள் பயந்ததும் விளக்கு இன்னும் வேகமாக ஓடியது. விளக்கு இன்னும் வேகமாக ஓடியதும் அவள் இன்னும் பயந்தாள். வெந்நீர் குடித்தாள், செபமாலை உருட்டினாள், எழுந்து வாசலுக்குப் போனாள், திரும்ப வந்தாள். நான் போனபோது பெட்டியின் மேல் ஈரத்துணி கிடந்தது, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் போடுவது மாதிரி நாலாக மடித்து. தொட்டுப் பாருங்கள், கொதிக்கிறது என்றாள். குரோஷா துணி போட்டு மூடினால் எந்தப் பெட்டியும் கொதிக்கத்தான் செய்யும். இரண்டு துணியையும் எடுத்துவிட்டு, பெட்டியைக் காற்றுப் படுகிற இடத்தில் நிமிர்த்தி வைத்தேன். பெட்டி ஆறியது. விளக்கு ஆறவில்லை.

பிரகாசி அங்கேயே இருந்துவிட்டாள். அசதியில் சலேத் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்த கொஞ்ச நேரம் விளக்கும் தணிந்தது என்று பிறகு சொன்னாள். உனக்குத் தூக்கம் வந்தால் அவனுக்கும் வருகிறதே, தாய்ப்பாலின் குணம் என்று ஆச்சரியப்பட்டாளாம். விழித்ததும் இருவருக்கும் மறுபடி ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் துடிப்பு துடிப்பாகவே இல்லை, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எண்ண முடியாத ஒரு நடுக்கமாகிவிட்டது. பிரகாசி எழுந்து நின்றாள். இப்படி நாடி ஓடுகிறவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் அந்த அறையில் என்ன பண்ணுகிறார்கள் என்றாள். யாரிடம் கேட்பது. உப்பு மேட்டுக்கு ஓடிப் பேசலாம் என்றால் அவன் நம்பர் மாறிவிட்டது, அது சலேத்துக்குத் தெரியும், ஒருதரம் யாருக்கும் தெரியாமல் அவளே மேட்டில் நின்று முயன்று பார்த்திருக்கிறாள். அங்கே அவனோடு இருந்த பையன்கள் எல்லாரும் நெட்டுக்குள் இருந்தார்கள், முகங்களாக, பெயர்களாக. அவர்களில் ஒருவனைப் பிடித்தால் போதும். அவர்கள் இருந்தது சலேத்தின் போனில் மட்டும்தான், அந்தப் பழைய போன் அவள் வீட்டுப் பெட்டியைத் தவிர வேறு எந்தப் பெட்டியோடும் ஒட்டாது. பிடிக்க வேண்டுமானால் வயரைச் சொருக வேண்டும். சொருகினால் அவன் இருக்கிறானா என்று சொல்ல இனி எதுவும் இருக்காது.

வாசலில் காலனி நின்றது. யாரும் சொருகு என்று சொல்லவில்லை. எஸ்தாக்கி ஒரு சின்னக் குப்பியிலிருந்து ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, மஞ்சள் வயரின் முனையைத் துடைத்து, அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். அவள் வயரைப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தாள். பிறந்த அன்றைக்குப் பார்த்ததுபோல அப்படிப் பார்த்தாள். உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சொருகினாள்.

சிவப்பு அணைந்தது.

பச்சை மினுக்கியது, தேடியது, இன்னும் தேடியது. சலேத் பழக்கத்தால் மரியே சொல்லத் தொடங்கினாள், நாங்களும் வாசலிலிருந்து கூடவே சொன்னோம். பாதிக்கு மேல் போனபோது பச்சை நின்றது, அவள் போன் கையிலேயே அதிர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டது, தெரியாத ஒரு நம்பரிலிருந்து எடுக்காத அழைப்பு, எடுக்காத அழைப்பு, மழை பெய்த அந்த மத்தியானத்திலிருந்து வரிசையாக, விரலால் தள்ளத் தள்ளத் தீராமல். அவள் அதைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள், மரியே ஆமென் ஆவதற்குள், அதே நம்பர் கூப்பிட்டது.

முகம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. ஓடிவந்தவன் குரல்.

“யம்மா. யம்மா, நீ இருக்கியா?”

“இருக்கேன்.”

அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது. பின்னால் வேறு யாரோ, என்னடா, இருக்காங்களா என்று கேட்டார்கள், இருக்காங்க என்று அவனே பதில் சொன்னான்.

“உனக்கு மேலுக்கு என்னல?” என்றாள் சலேத். “ஆஸ்பத்திரிக்குப் போனியா? யாரு கூட இருக்கா?”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. உனக்குத்தான். எங்க ரூம்ல பெட்டில செவப்பு லைட்டு துடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஆளாளுக்கு எங்க வீடு எங்க வீடுன்னானுவ. நாலுக்கு ஒண்ணக் காணல. நான் கண்டுக்கிட்டேன். தெனமும் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். அன்னைக்கு மத்தியானம் திடீர்னு ஓட ஆரம்பிச்சுது பாத்துக்கோ, எனக்கு உசுரே இல்ல. கடையில போயி கூப்பிட்டேன், நீ எடுக்கல. கூப்பிடக் கூப்பிட அது இன்னும் ஓடுது. இப்ப நின்னுட்டும்மா. பச்சையா ஆயி நின்னுட்டு. நான் நீ போயிட்டன்னு...”

சலேத் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. மூன்று நாளாக இரண்டு கரையிலும் இரண்டு பேர், காய்ச்சலும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், ஒருவர் பயத்தைப் பார்த்து ஒருவர் பயந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிரகாசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“மழ வந்துச்சுல,” என்றாள் சலேத். “கருவாடு அள்ள ஓடுனேன்.”

நெட் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.

இப்போது காலனியில் எல்லா வீட்டிலும் பச்சை. சிவப்பு விழுந்தால் கம்பெனி வேகத்தில் விழுகிறது, எஸ்தாக்கி வந்து சரிபண்ணுகிறான். ஆனால் என்னிடம் வருகிற புகார்கள் குறையவில்லை. வருகிறவர்கள் எதைப் புகார் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நெட் வருகிறது, முகம் வருகிறது, பேசுகிறார்கள், நன்றாக இருக்கிறேன் என்கிறார்கள், இருந்தாலும் பெட்டியை ஒருதரம் வந்து பாருங்கள் என்கிறார்கள். போய்ப் பார்க்கிறேன். பச்சை அசையாமல் நிற்கிறது, அதில் படிக்க ஒன்றுமில்லை. அணைத்து, ஒரு மரியே சொல்லிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். போட்டுப் பார்க்கிறார்கள்.

பிரிட்டோ சலேத்தைக் கூப்பிடுகிறான், சில நாள் சண்டையும் போடுகிறார்கள். அவன் உயரத்தில் வேலைக்கு ஏறுவதற்கு முன்னால் ஏணி ஏறுதேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டுத்தான் ஏறுகிறான். மேகம் கறுத்து, காலனி மொத்தமும் சாக்கைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் பறக்கிற நேரத்தில் சலேத் மட்டும் வீட்டுக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போனை வாய்க்கு அருகில் பிடித்து, நிறுத்தி நிதானமாக, மழ வருது மக்கா, இப்ப ஓடப் போறேன் என்று சொல்லி அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் ஓடுகிறாள். அதற்குள் கருவாடு கொஞ்சம் நனைந்துவிடுகிறது.